வெற்றுத் தாளில் விழுந்த முத்திரை: மலையில் வீட்டுப் படம் வரைபவர்கள், ஒரு மதிப்பீடு

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் எங்களுக்கு ஏழு சென்ட் சரிவு நிலம் இருக்கிறது. அதில் சிறிய வீடு கட்டுவதற்குப் படம் வரைந்து அனுமதியும் வாங்கித் தர இரண்டு இடங்களை அணுகினேன். ஒன்று, பஸ் நிலையத்தை ஒட்டிய மாடியில் இருக்கும் வரைபடக் கடை. இன்னொன்று, குன்னூரில் ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் நடத்தும் அலுவலகம். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதலாவதைப் பற்றிய புகார் விசாரணைக்குப் போயிருக்கிறது. இரண்டாமவருக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கோடு எங்கே பொய் சொல்கிறது என்று பார்த்தே காலம் போனது. அதனால் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன்.

முதலில் அந்த மாடிக் கடை. வாசல் பலகையில் உரிமையாளர் பெயருக்குப் பின்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று இருந்தது. மரியாதையான மனிதர், டீ வரவழைத்தார். பட்டா நகலையும் புலப்படத்தையும் வாங்கிக்கொண்டு, படம், அனுமதி, முத்திரை எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் என்றார். இடத்தைப் பார்க்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். "புலப்படமே இருக்கிறதே ஐயா, அது போதும்" என்றார்.

போதாது. புலப்படத்தில் எல்லைக்கோடும் நீள அகலமும்தான் இருக்கும். ஏற்ற இறக்கம் இருக்காது. எங்கள் நிலம் மேல் வரப்பில் இருந்து கீழ் வரப்புக்கு வருவதற்குள் ஓர் ஆளுக்கு மேல் இறங்கிவிடுகிறது. அது மட்டக் கருவியை வைத்தால்தான் தெரியும், அல்லது மழை நாளில் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் தெரியும்.

சொன்ன தேதிக்குப் படம் தயாராகிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. படத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். குறுக்குவெட்டில் தரை ஸ்கேல் வைத்து இழுத்ததுபோலச் சமமாக ஓடியது. செப்டிக் டேங்க் வீட்டுக்கு மேற்புறம், சரிவின் தலையில் இருந்தது. தடுப்புச் சுவர் என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் முன்னால் முப்பது அடிச் சாலை. எங்கள் பாதையில் இரண்டு ஆடு எதிரெதிரே வந்தால் ஒன்று தேயிலைக்குள் ஏறி நிற்க வேண்டும்! சமவெளியில் யாருக்கோ வரைந்த படத்தில் சர்வே எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்.

படத்தின் வலது கீழ் மூலையில் நீல மையில் ஒரு முத்திரை, அதன் குறுக்கே கையொப்பம். கடைக்காரருடையது அல்ல, கோவையில் இருக்கும் ஓர் ஆர்க்கிடெக்டுடையது. இதையெல்லாம் அவர் பார்த்தாரா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், திருத்திக் கொடுக்கிறேன் என்று மேசை இழுப்பறையைத் திறந்தார் கடைக்காரர். உள்ளே ஒரு கட்டுத் தாள். எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே முத்திரை, அதே கையொப்பம். மீதி இடம் முழுவதும் வெள்ளை. "அவருக்கு இங்கே ஏறி வர ஏது நேரம்? என்னை நம்பிக் கொடுத்து வைத்திருக்கிறார். தாளுக்கு நாலாயிரம் அவருக்குப் போய்விடும்" என்றார், ஒளிவுமறைவு இல்லாமல்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, கட்டிடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளலாம். படம் வரைவதை அந்தச் சட்டம் மற்றவர்களுக்குத் தடுக்கவில்லை. பட்டத்தைத்தான் காக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே கடைக்காரர் வரைந்தது குற்றமல்ல, பலகைதான் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கவே அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கும்.

எனக்குப் பெரிய கோபம் முத்திரைக்காரர் மீதுதான். சி.ஏ. என்று தொடங்கும் அவருடைய பதிவு எண்ணை மன்றத்தின் இணையதளத்தில் தேடினேன். உண்மையான எண், உண்மையான ஆள். படித்துப் பட்டம் வாங்கிப் பதிவும் செய்த ஒருவர், தான் வரையாத, தான் பார்க்காத, ஏன், இன்னும் பிறக்கவே பிறக்காத படங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர் மீது மன்றத்திடம் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். தொழில் ஒழுக்கக்கேடு உறுதியானால் மன்றம் கண்டிக்கலாம், தொழில் செய்வதைக் குறிப்பிட்ட காலம் நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டில் இருந்து பெயரையே நீக்கலாம். என் மருமகன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் ஆர்க்கிடெக்ட் வாரியம் அபராதம் போடுவதோடு நிறுத்தாமல், யார் மீது என்ன நடவடிக்கை என்பதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்டும் விடுகிறது. இங்கேயும் அப்படிச் செய்தால் பல இழுப்பறைகள் காலியாகும்.

முத்திரை போட்ட ஒரு வெற்றுத் தாளைக் கேட்டேன். என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். புகாரோடு அதன் நகல் டெல்லிக்குப் போயிருக்கிறது.

இனி குன்னூர் அலுவலகம். கட்டணம் எண்பத்தைந்தாயிரம். கேட்டவுடன் என் மனைவி எழுந்துவிட்டாள். ஆனால் அந்தப் பெண் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "முதலில் நிலத்தைப் பார்க்கிறேன் சார். கட்ட முடியாத இடம் என்றால் அதையும் சொல்லிவிடுவேன்" என்றார்.

ஐப்பசி மழையில், ரப்பர் காலணியும் மட்டக் கருவியுமாக வந்தார். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. அந்த நேரத்தில்தான் நிலத்தைப் பார்க்க வேண்டுமாம். மட்டம் எடுத்த பிறகு சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் மரங்களில் இரண்டு மட்டும் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருப்பதைக் காட்டினார். மண் மெல்ல நகர்கிறது, மரம் தன்னை நிமிர்த்திக்கொண்டே வளர்கிறது என்றார். நிலத்தின் குறுக்கே ஓர் இடத்தில் மட்டும் பெரணி வரிசையாக முளைத்திருந்தது. அங்கே மேஸ்திரியைக் கடப்பாரை போடச் சொன்னார். இடுப்பளவு தோண்டுவதற்குள் குழியின் பக்கச் சுவரில் இருந்து தண்ணீர் கசிந்தது. அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே அங்கே ஊற்றுக்கண் இருப்பது தெரியாது.

கடைக்காரரின் படத்தில் செப்டிக் டேங்க் இருந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இவர் வரைந்த வீடு சரிவைப் பின்பற்றி இரண்டு மட்டமாக இறங்குகிறது. மாவட்டத்தின் ஏழு மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக்குள் அடங்குகிறது. மண்ணை வெட்டுவதும் பாதியாகக் குறைகிறது. தடுப்புச் சுவருக்குத் தனியாக ஒரு தாள். சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பு, இடைவெளி விட்டுத் தண்ணீர் வடியும் துளைகள், அடியில் வாய்க்கால் என்று அளவோடு போட்டிருந்தார். நம் ஊர் மண் ஆழமாக மக்கிய செம்மண். தண்ணீரைக் குடித்துக் கனத்த பிறகுதான் அது சரிகிறது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மண்சரிவுகளுக்குப் பறிகொடுத்த மாவட்டம் இது. துளை இல்லாத சுவரை இங்கே கட்டுவதற்குக் கட்டாமலே இருக்கலாம்.

குறைகளும் உண்டு. பகலில் போனை எடுப்பதே இல்லை. படம் சொன்ன தேதிக்கு வெகுநாள் தள்ளித்தான் வந்தது. சமையலறை ஜன்னல் வடக்கே வைக்கப்பட்டதில் வெயில் வராது என்று என் மனைவிக்கு இன்னும் வருத்தம். இரண்டு தடவை கேட்டும் மாற்றவில்லை, கிழக்கே வைத்தால் சுவர் பலம் குறையுமாம். மாடிக் கடையில் இந்தத் தொல்லை இருந்திருக்காது, கேட்ட பக்கமெல்லாம் ஜன்னல் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு தாளையும் என் முன்னால் விரித்து விளக்கிவிட்டு, பிறகுதான் முத்திரையை எடுத்தார். தேதியைத் தன் கையால் எழுதினார்.

போகிறவர்கள் பட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று மூன்றையும் கொண்டுபோங்கள். சனிக்கிழமை அலுவலகம் கிடையாது. வண்டி நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் போவதே உத்தமம்.