ஷாஸ்கோப் முதல் தொகுப்பு: பழைய குங்ஃபூ படங்களை முழு அகலத்தில் பார்க்க

டர்பன் பக்கத்தில் பழைய குங்ஃபூ படப் பேச்சை எடுத்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. தாத்தாமார் "அந்தச் சண்டை இனிமேல் வராது" என்பார்கள். அவர்கள் பிள்ளைகளோ ஆய், ஊய் என்று கத்திக் காட்டிச் சிரிப்பார்கள். இரு தரப்பும் சொல்வது சரிதான், ஏனென்றால் இருவரும் பார்த்தது ஒரே படம் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில். ப்ரூஸ் லீ இறந்தது 1973 ஜூலையில். குங்ஃபூவின் முதல் அலையைப் பார்த்தவர்கள் பயாஸ்கோப்புக்குப் போய் அகலத் திரையில் பார்த்தவர்கள். அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது வாடகை விஎச்எஸ் வீடியோ கேசட்.

விஎச்எஸ்ஸில் என்ன கெட்டது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோ படங்கள் ஷாஸ்கோப் என்ற அகல வடிவத்தில் எடுக்கப்பட்டவை. அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. பழைய டிவியின் அகலம் 1.33 மடங்குதான். திரை முழுக்க நிரப்பவேண்டும் என்று இரு ஓரத்தையும் வெட்டினால் படத்தில் 43 சதவீதம் போய்விடும். சங்கிலியால் கோத்த மூன்று துண்டுத் தடி சுழலும்போது நடுத் துண்டு மட்டும்தான் தெரியும். இதற்கு மேல் வேகக் கோளாறு வேறு. நம்முடையது பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை நாடு. நொடிக்கு 24 சட்டத்தில் (ஃப்ரேம்) ஓடவேண்டிய படம் 25-இல் ஓடியது. அதாவது 4 சதவீதம் வேகம், குரலும் அந்த அளவுக்குக் கீச்சு. சண்டையை விறுவிறுப்பாகக் காட்ட அந்தக் கால ஒளிப்பதிவாளர்கள் ஏற்கெனவே நொடிக்கு 22 சட்டம் என்று கொஞ்சம் மெதுவாகக் கேமராவை ஓட்டியிருப்பார்கள். அது தரும் 9 சதவீத வேகத்தோடு இந்த 4 சேர்ந்தால் ஆள் பொம்மை மாதிரி துள்ளத்தான் செய்வான். பிள்ளைகள் சிரித்ததில் குற்றமில்லை.

பிரிட்டனின் ஆரோ வீடியோ 2021 இறுதியில் வெளியிட்ட "ஷாஸ்கோப் வால்யூம் ஒன்" இந்தக் கோளாறுகளையெல்லாம் சரிசெய்கிறது. எட்டு ப்ளூரே தட்டுகளில் பன்னிரண்டு படங்கள், கூடவே இரண்டு இசை சிடிகள், ஒரு புத்தகம். ஏழு படங்களுக்கு ஆரோவே புதிதாக 2கே தரத்தில் மறுசீரமைப்பு செய்திருக்கிறது. மற்ற ஐந்து படங்களின் பிரதியும் சரியான அகலத்தில், சரியான வேகத்தில்தான் ஓடுகிறது. 2002 முதல் ஹாங்காங்கில் வந்த டிவிடிகள் கையில் இருப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்த டிவிடிகள் பல பால் பிரதியிலிருந்து மாற்றியவை. கை வீசும்போது பின்னால் ஒரு நிழல் கை வரும், ஒலியிலும் புதிதாக ஏற்றிய சத்தம் கலந்திருக்கும். இந்தத் தொகுப்பில் அந்தக் காலத்து மோனோ ஒலியே இருக்கிறது.

முதல் தட்டிலிருந்து வரிசையாகப் பார்க்காதீர்கள். தட்டு வரிசை ஏறக்குறைய ஆண்டு வரிசை. புதிதாகப் பார்ப்பவருக்கு அது உதவாது. எட்டாம் தட்டை முதலில் போடுங்கள்.

எட்டாம் தட்டில் இரண்டு படங்கள், இரண்டும் லாவ் கார்-லியுங் இயக்கியவை. இவருடைய தந்தை லாம் சாய்-விங்கின் சீடர்; லாம் சாய்-விங், பேர்பெற்ற தெற்குச் சீன ஆசான் வாங் ஃபேய்-ஹுங்கின் சீடர். சண்டைப் பயிற்சியாளராகவே வளர்ந்து 1975-இல் இயக்குநர் ஆனவர் என்பதால் கேமராவை எங்கே நிறுத்தவேண்டும் என்று இவருக்குத் தெரியும். தலை முதல் பாதம் வரை உடம்பு தெரிகிற தூரத்தில் நிறுத்துவார். வெட்டாமல் பத்து, பதினைந்து அடி போகும்.

1978-இல் வந்த "ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்" படத்தில் கோர்டன் லியு ஒரு சீனக் கணவன், மனைவி ஜப்பானியப் பெண். எந்த நாட்டு வித்தை உசத்தி என்று இருவருக்கும் வீட்டுச் சண்டை. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன மனைவியை வரவழைக்க அவன் எழுதிய சவால் கடிதம் தப்பான கைகளுக்குப் போய், ஏழு ஜப்பானிய ஆசான்கள் படகேறி வந்து இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக மோதல். கராத்தேக்குக் குடிகாரன் போலத் தள்ளாடி அடிக்கும் குடிகாரக் குத்து, சங்கிலியில் கோத்த இரட்டைக் கம்பான நுன்சாக்குவுக்கு மூன்று துண்டுத் தடி என்று ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பதில் வைத்திருக்கிறான். ஆயுதத்தின் நீளமும் கணுவும் சண்டையின் தூரத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் குறைவு. நுன்சாக்கு உள்ளே நெருங்க வேண்டும். தடிக்காரன் மூன்று துண்டையும் நீட்டினால் எதிராளியை எட்ட நிறுத்தலாம், மடக்கிக்கொண்டால் இரண்டு கையிலும் தனித்தனிக் கம்பு. சிலம்பம் ஆடியவர்கள் இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். படத்தில் ஒரு சாவுகூட இல்லை, பிள்ளைகளோடு உட்காரலாம்.

இன்னொன்று 1979-இன் "டர்ட்டி ஹோ". தலைப்பைப் பார்த்து ஒதுக்கவேண்டாம், ஹோ என்பது ஒரு திருடனின் பெயர். கோர்டன் லியு நகை வியாபாரி வேடத்தில் ஒளிந்திருக்கும் இளவரசன், தனக்குச் சண்டை தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. திருடன் பாய்கிறான். இவன் பக்கத்தில் நிற்கும் இசைக்காரியின் பின்னால் போய் நின்று, அவள்தான் தன் மெய்க்காவலாள் என்று சொல்லிவிடுகிறான். அப்புறம் பின்னாலிருந்தே அவள் முழங்கையைத் தட்டி, முழங்காலை நெம்பி, அவள் கையாலேயே திருடனை அடிக்கிறான். அவளுக்கே என்ன நடக்கிறதென்று தெரியாது! நடிகை காரா ஹுய்யின் முகத்தில் திகைப்பு, கையில் கச்சிதமான தடுப்பு. இன்னொரு காட்சியில் மது ருசி பார்க்கக் கூப்பிட்டவரும் அவருடைய வேலையாளும் இளவரசனைக் கொல்லப் பார்க்கிறார்கள், ஆனால் மூன்று பேரும் உபசாரத்தை விடுவதில்லை. கோப்பை நீட்டுவது போல ஒரு குத்து, வணங்குவது போல ஒரு தடுப்பு, மேஜைக்கடியில் கால்கள் தனியாக மோதுகின்றன. முகத்தில் சிரிப்பு மாறாது. இதை ஓரம் வெட்டிய பிரதியில் பார்த்தவர்கள் ஏதோ விருந்து என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இந்தப் படங்களில் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். தெற்குச் சீனத்து ஹுங் கார் முறையின் அடித்தளம் குதிரை நிலை: பாதங்களைத் தோளைவிட நன்றாக அகட்டி, முழங்காலை மடக்கி, இரு காலிலும் எடையைச் சமமாக வைத்து உட்கார்ந்த மாதிரி நிற்பது. நல்ல சண்டைக்காரன் ஒரு அடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடுப்பு உயரம் மாறாது. மாறினால் அவர் நடிகர், ஆடிக்கொண்டிருக்கிறார். அடிக்கும் சத்தத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. சீன ஓபராவின் தாளவாத்தியம் இந்தப் படங்களில் ஊறியிருக்கிறது. நேட்டாலில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் வாங்கிய தெருக்கூத்தில் அடவும் மத்தளமும் ஒன்றாக விழுவது போல அடியும் ஒலியும் ஒன்றாக விழும். இரண்டு, மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி. அந்த நிறுத்தத்தில்தான் கண்ணுக்கு விவரம் பிடிபடுகிறது.

லாவின் மற்ற இரண்டு படங்களும் ஐந்தாம் தட்டில். "எக்ஸிக்யூஷனர்ஸ் ஃப்ரம் ஷாலின்" படத்தில் கணவனுக்குப் புலி முறை, மனைவிக்குக் கொக்கு முறை. முதலிரவில் அவள் குதிரை நிலையில் காலைப் பூட்டிக்கொள்ள, அவன் பிரிக்கப் படும் பாடு தனி நகைச்சுவை. வெள்ளைப் புருவ வில்லன் பாய் மேய்யாக லோ லீ. "சேலஞ்ச் ஆஃப் தி மாஸ்டர்ஸ்" இளைய வாங் ஃபேய்-ஹுங்கின் கதை. பழிவாங்கலில் முடியாமல் மன்னிப்பில் முடிகிறது, அந்தக் காலத்துக்கு இது அபூர்வம்.

ஆறு படங்கள் இயக்குநர் சாங் சேயுடையவை. இவருக்கு ரத்தம், சபதம், ஆண்களின் தோழமை. பெண்களுக்கு வேலை குறைவு, அதுதான் இவரிடம் பெரிய குறை. "தி பாக்ஸர் ஃப்ரம் ஷான்டுங்" படத்தில் சென் குவான்-தாய் வயிற்றில் கோடாலி பாய்ந்த பிறகும் கடைசிச் சண்டையை விடமாட்டார். மூன்றாம் தட்டில் 1974-இன் "ஃபைவ் ஷாலின் மாஸ்டர்ஸ்", 1976-இன் "ஷாலின் டெம்பிள்" இரண்டும் இருக்கின்றன. பின்னால் எடுத்த படம் கதைப்படி முன்னால் நடப்பது, அதனால் "ஷாலின் டெம்பிள்" முதலில். "சைனாடவுன் கிட்" 115 நிமிட வடிவத்திலும் 90 நிமிட வடிவத்திலும் இருக்கிறது. 115 போதும், மற்றது ஒப்பிடுகிறவர்களுக்கு. "தி ஃபைவ் வெனம்ஸ்" பேர்பெற்ற படம்தான், ஆனால் பாதிக்கு மேல் துப்பறியும் கதை. சண்டைக்காக மட்டும் போட்டால் ஏமாற்றம். அதே குழு நடித்து அதே தட்டில் இருக்கும் "கிரிப்பிள்ட் அவெஞ்சர்ஸ்" மேல்: கண் போனவன், காது போனவன், கால் போனவன், புத்தி போனவன் நான்கு பேரும் சேர்ந்து பழிவாங்குகிறார்கள். வளையங்களை வைத்துச் செய்யும் கடைசி வித்தை சர்க்கஸ் தரம். ஆனால் ஆரம்பக் காட்சிகள் கொடூரம், சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மீதி இரண்டில் "கிங் பாக்ஸர்" கொரிய இயக்குநர் எடுத்தது. அமெரிக்காவில் 1973-இல் குங்ஃபூ மோகத்தைக் கிளப்பிய படம். கதாநாயகன் கோபப்படும்போது அலறும் சைரன் ஒலி ஒரு அமெரிக்க டிவி தொடரின் இசையிலிருந்து எடுத்தது. "மைட்டி பீகிங் மேன்" குங்ஃபூவே இல்லை, ராட்சதக் குரங்குப் படம். ஒரு பகுதி மைசூரில் எடுத்தது என்பதைத் தவிர நமக்கு அதில் அக்கறை இல்லை.

இனி டிவி. எல்லாவற்றையும் கெடுப்பது மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். டிவி தானாகச் சட்டங்களை இட்டு நிரப்பும்போது வேகமாக வீசும் கையைச் சுற்றி மங்கல் வளையம் வரும், நிறுத்தங்கள் கரைந்துவிடும். அணைத்துவிடுங்கள், அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதில் வையுங்கள். பிளேயரில் 24 ஹெர்ட்ஸ் வெளியீடு இயங்கவேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். ஸூம் போட்டால் மறுபடி விஎச்எஸ் கதைதான். ஒலி மோனோ என்பதால் சவுண்ட்பாரின் சரவுண்ட் வித்தைகளையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடிச் சத்தம் சோகையாகிவிடும்.

எந்த மொழியில் பார்ப்பது? மாண்டரின்தான் அசல் என்று பிடிவாதம் வேண்டாம். படப்பிடிப்பில் ஒலி பதிவதில்லை, எல்லாக் குரலும் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தது. நடிகர்களில் பலர் வாயசைத்தது கான்டனீஸில், ஆகவே மாண்டரினிலும் உதடு ஒட்டாது. முதல் முறை ஆங்கில டப்பிங்கில் பார்த்தால் கண் சண்டையிலேயே இருக்கும். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் இரண்டு வகை: மாண்டரினுக்கு ஒன்று, ஆங்கில டப்பிங்குக்கு ஒன்று. மாற்றிப் போட்டால் காதில் ஒன்று, திரையில் வேறொன்று வரும்.

வாங்கும்போது பிரிட்டன் பதிப்பாகப் பாருங்கள். நமக்கும் அவர்களுக்கும் ப்ளூரே மண்டலம் B, இங்கே வாங்கிய பிளேயரிலோ தட்டு போடும் பிளேஸ்டேஷனிலோ மாற்றம் எதுவும் இல்லாமல் ஓடும். பிளேயரையும் பிரிட்டனிலிருந்து வரவழைப்பவர்களுக்கு பிளக் அடாப்டர் மட்டும் வேண்டும், மின்னழுத்தம் ஒன்றுதான். இறக்குமதி வாட் 15 சதவீதம், ஆனால் சரக்கின் மதிப்பில் 10 சதவீதம் ஏற்றிய பிறகே அதைப் போடுவார்கள். 1,000 ராண்ட் பொருளுக்கு 150 இல்லை, 165. சுங்க வரி, கூரியர்காரரின் கிளியரன்ஸ் கட்டணம் தனி. வெளிவந்தது லிமிடெட் எடிஷனாக என்பதால் பழையது தேடவேண்டி வரலாம். அப்போது எட்டு ப்ளூரேயும் இரண்டு சிடியும் இருக்கின்றனவா என்று பின்பக்கம் தெரியப் படம் கேளுங்கள். சிடி இல்லாமல் விற்பவர்கள் உண்டு. அவற்றில் இருப்பது லண்டன் டி வுல்ஃப் நிறுவனத்தின் இசை. ஷா படங்களின் பின்னணி இசையில் பெரும்பகுதி இப்படி ஆயத்தமாகக் கிடைத்ததுதான்.

லாவ் கார்-லியுங்கின் பேர்பெற்ற "36த் சேம்பர் ஆஃப் ஷாலின்" இதில் இல்லை. அது பதினான்கு படங்களோடு 2022-இல் வந்த இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. அந்த ஒரு படம் மட்டும் வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். லாவ் கார்-லியுங்கின் வேலை முழுதாக வேண்டும் என்றால் முதலில் இது.