பை கிழிந்துவிட்டால் லென்ஸை எங்கே வைப்பது?

கண்புரை அறுவையில், இயற்கை லென்ஸைச் சுற்றியிருக்கும், செயற்கை லென்ஸை வைக்க வேண்டிய மெல்லிய பையின் பின்சுவர் கிழிந்தால், பதற்றத்தில் புரையை உடைத்து உறிஞ்சும் பேகோ கருவியை வெளியே இழுப்பதுதான் பெரிய ஆபத்து. உள்ளழுத்தம் சட்டென்று விழும், பின்னாலிருக்கும் விட்ரியஸ் கூழ் முன்னே பாயும், கிழிசல் விரியும். முதலில் விஸ்கோ என்ற பிசுபிசுப்பான ஜெல்லைச் செலுத்தி இடத்தை நிரப்பிவிட்டு, அப்புறம்தான் கருவியை எடுக்க வேண்டும். முன்னே வந்த கூழைக் கட்டரால் வெட்டி எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அதை ட்ரையம்சினோலோன் என்ற மருந்து வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும்.

சரி, லென்ஸ்?

பையின் முன்விளிம்பு முழுசாக இருந்தால் நிறைய யோசிக்க வேண்டாம். ஐரிஸுக்கும் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை) அந்த விளிம்புக்கும் இடையிலுள்ள ஸல்கஸ் என்ற இடுக்கில், நடுவட்டத்தோடு இரண்டு மெல்லிய கால்களைத் தனியாக இணைத்த மூன்று துண்டு லென்ஸை வைக்கலாம். அதன் நடுவட்டத்தைப் பையின் முன்சுவரில் போட்ட திறப்புக்குள் அழுத்தி மாட்டிவிட்டால் நகராது, பவரும் பெரும்பாலும் மாறாது. மாட்டாமல் வைத்தால் பவரை 0.5 முதல் 1 டயாப்டர் வரை குறைப்பது வழக்கம். பைக்குள் போட எடுத்து வைத்த ஒற்றைத் துண்டு அக்ரிலிக் லென்ஸ் கையிலேயே இருக்கிறதே என்று அதை ஸல்கஸில் வைக்கவே கூடாது. தடித்த கால்கள் ஐரிஸில் உரசி நிறமி உதிரும், ரத்தம் கசியும், கண் அழுத்தமும் ஏறும்.

விளிம்பும் போய்விட்டால்தான் உண்மையான போட்டி. ஐரிஸுக்கு முன்னால் வைக்கும் முன்னறை லென்ஸ் சீக்கிரம் முடியும். ஆனால் கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கார்னியாவின் உட்புறச் செல்களுக்கு அருகிலேயே உட்காரும், இளம் வயதினருக்கு எனக்கு மனசு வராது. ஐரிஸின் பின்பக்கம் கவ்வ வைக்கும் ஐரிஸ் கிளா லென்ஸ் அதைவிட மேல். வளையாத லென்ஸ் என்பதால் பெரிய வெட்டு வேண்டும், ஐரிஸும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

சென்னையில் அமர் அகர்வால் 2007-இல் தொடங்கிய பசை முறையில், லென்ஸின் கால்களைக் கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்க்லீராவுக்குள் செருகி ஃபைப்ரின் பசையால் மூடுகிறார்கள். ஜப்பானின் ஷின் யாமானே முறையில் பசையும் இல்லை, தையலும் இல்லை: மெல்லிய ஊசி வழியாகக் கால்களை வெளியே எடுத்து, நுனியைச் சூடுகாட்டிக் குமிழாக்கி ஸ்க்லீராவுக்குள் தள்ளிவிடுவார்கள். கேட்க எளிது. ஊசிகளின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் லென்ஸ் சாய்ந்துவிடும். கைப்பழக்கம் இல்லாதவர் பை கிழிந்த கண்ணில் முதல்முறையாக இதை முயல்வதைவிட, கூழைச் சுத்தம் செய்து லென்ஸ் இல்லாமலே மூடிவிட்டு இன்னொரு நாள் வைப்பது நல்லது.

புரைத்துண்டு விழித்திரைப் பக்கம் விழுந்துவிட்டால், பேகோ முனையை விட்டுத் துழாவாமல் விழித்திரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.