லைட்ரூம் கேட்டலாக்கும் ரா கோப்புகளும்: பல சீசன்களாக ஓடும் ஒரு பேக்கப் ஏற்பாடு

சென்னையில் கல்யாண வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் பல முகூர்த்த சீசன்களாகப் பயன்பாட்டில் இருக்கும் பேக்கப் முறை இது. விண்டோஸ் கணினி, உள்ளே ஒரு எஸ்எஸ்டி, படங்களுக்கு ஒரு பெரிய ஹார்டு டிஸ்க், வெளியே 3.5 அங்குல டிஸ்க் இரண்டு, ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள், கொஞ்சம் கிளவுட் இடம். விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை. எதை எந்த முறையில் நகல் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

படங்களை அடுக்கவும் எடிட் செய்யவும் பயன்படும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளின் கேட்டலாக்கில் படம் எதுவும் கிடையாது. அது ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளம். எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எக்ஸ்போஷர் எவ்வளவு ஏற்றினோம், எந்த கலெக்ஷனில் போட்டோம் என்ற விவரம் மட்டும்தான் அதற்குள் இருக்கிறது. கேமரா பதிவுசெய்யும் மூலப் படங்களான ரா கோப்புகள் டிஸ்க்கில் தனியாகக் கிடக்கின்றன. இரண்டின் இயல்பும் நேர் எதிர். கேட்டலாக் சிறியது, ஒவ்வொரு நிமிடமும் மாறுவது. அதற்குத் தேவை பல பழைய பதிப்புகள். ரா கோப்புகள் மிகப் பெரியவை, ஒருமுறை எழுதிய பிறகு மாறவே கூடாதவை. அவற்றுக்குத் தேவை சரிபார்ப்பு. இரண்டையும் ஒரே முறையில் நகல் எடுப்பவர்களுக்குத்தான் பின்னால் சிக்கல் வருகிறது.

கேட்டலாக்

லைட்ரூமை மூடும்போது வரும் பேக்கப் ஜன்னலை எரிச்சலோடு தள்ளிவிடுவது பலருக்கும் பழக்கம். ஒவ்வொரு முறை மூடும்போதும் பேக்கப் எடுக்கும்படி வைத்துவிடுவது நல்லது. கேட்டலாக் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் விருப்பத்தை எப்போதும் டிக் செய்து வைக்க வேண்டும். பழுதான தரவுத்தளத்தையே திரும்பத் திரும்ப நகல் எடுப்பதைத் தடுப்பது அதுதான். கேட்டலாக்கைச் சீராக்கும் இன்னொரு விருப்பத்தை வாரம் ஒருமுறை ஓடவிட்டால் போதும்.

பெரிய கோளாறு இடத்தில்தான் இருக்கிறது. தானாக அமையும் பேக்கப் ஃபோல்டர், கேட்டலாக் இருக்கும் அதே ஃபோல்டருக்குள்ளேயே உருவாகிறது. எஸ்எஸ்டி போனால் கேட்டலாக்கும் போகும், அதன் அத்தனை நகல்களும் கூடவே போகும். இந்த இடத்தை கேட்டலாக் செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காது. மூடும்போது வரும் அந்த ஜன்னலில்தான் வேறு டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க முடியும். பழைய நகல்களைக் கையால்தான் அழிக்க வேண்டும். கடைசி பத்து, அதற்கு முன் மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். நகல் ஜிப் ஆக வருவதால் இடம் அதிகம் பிடிக்காது.

இந்த ஜிப்புக்குள் என்ன இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிவியூ கோப்புகள் இல்லை. அவற்றைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம், நேரம்தான் போகும். சேமித்து வைத்த எடிட் அமைப்புகளான பிரீசெட்டுகளும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பிரீசெட்டுகளும் வருடக்கணக்கில் செதுக்கிய ஸ்கின் டோன் பிரீசெட்டுகளும் விண்டோஸில் யூசர் ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும் ஆப்டேட்டா பகுதியில் இருக்கின்றன. பிரிஃபரன்சஸில் பிரீசெட்ஸ் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் அந்த ஃபோல்டர் திறக்கும். அதையும் நகல் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றும்போது முதலில் காணாமல் போவது இதுதான்.

2021 அக்டோபரில் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து கேட்டலாக்கின் பக்கத்தில் அதே பெயரில் 'எல்ஆர்கேட் டேட்டா' என்ற இன்னொரு கோப்பும் இருக்கிறது. மாஸ்க் தொடர்பான தரவு அதில் இருக்கிறது. லைட்ரூமே எடுக்கும் பேக்கப்பில் இது சேர்ந்துவிடும். கேட்டலாக்கைக் கையால் காப்பி செய்பவர்கள் முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். முழு ஃபோல்டரையும் எடுப்பதுதான் சரி, அதுவும் லைட்ரூமை மூடிய பிறகு. திறந்திருக்கும்போது கடைசி மாற்றங்கள் 'வால்' என்று முடியும் தற்காலிகக் கோப்பில் காத்திருக்கும். கிராஷ் ஆன பின் அந்தக் கோப்பை அழித்துவிட்டால் கடைசியாகச் செய்த வேலை போய்விடும். 'லாக்' என்று முடிவதை மட்டும், லைட்ரூம் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அழிக்கலாம்.

இதே காரணத்தால், உயிரோடு இருக்கும் கேட்டலாக்கை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற சிங்க் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. பாதி எழுதிய நிலையில் ஒரு கோப்பு மேலே ஏறும், இன்னொரு கணினியில் அது கீழே இறங்கும், கடைசியில் இரண்டு பதிப்புகள் மோதும். ஜிப் நகல்கள் போகும் ஃபோல்டரை மட்டும் சிங்க் செய்தால் எந்த ஆபத்தும் இல்லை. கிளவுடில் இந்த ஏற்பாடு செய்யும் மிக உபயோகமான வேலை இதுதான்.

எக்ஸ்எம்பி பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஆர்டர் முடிந்ததும் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினால், ஒவ்வொரு ரா கோப்பின் பக்கத்திலும் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும். எடிட், ஸ்டார், கலர் லேபிள், கீவேர்டு எல்லாம் அதில் இருக்கும். கேட்டலாக் முழுவதும் அழிந்தாலும் வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் கலெக்ஷன், விர்ச்சுவல் காப்பி, ஸ்டேக், ஹிஸ்டரி படிகள் அதில் வராது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும் வேலையை கலெக்ஷனில்தான் செய்கிறோம் என்பதால், எக்ஸ்எம்பி இருக்கிறதே என்று கேட்டலாக் பேக்கப்பை விடுவது தவறு. டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்), ஜேபெக், டிஃப் ஆகியவற்றில் தனிக் கோப்பு உருவாகாது, விவரம் படத்துக்குள்ளேயே எழுதப்படும். ஒரு ஸ்டார் மாற்றினாலும் முழுக் கோப்பும் மாறியதாகக் கணக்கு ஆகி, மறுபடி நகல் எடுக்கப்படும். டிஎன்ஜி-யாக மாற்றி வைப்பவர்கள் எக்ஸ்எம்பி தானாக எழுதும் விருப்பத்தை அணைத்துவிடுவது நல்லது.

ரா கோப்புகள்

24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவில் 5,000 ஃப்ரேம் என்றால் 150 ஜிபி வரை வரும். இம்போர்ட் ஜன்னலில் இரண்டாவது நகலை வேறு இடத்தில் வைக்கும் விருப்பம் ஒன்று உண்டு. அன்றிரவுக்கு அது போதும். ஆனால் அந்த நகல் இம்போர்ட் தேதியிட்ட தனி ஃபோல்டரில் போய் உட்காரும், பின்னால் செய்யும் எடிட்டோ ஃபோல்டர் மாற்றமோ அதைத் தொடாது. முழு பேக்கப் ஓடி முடிந்ததும் அதை அழித்துவிடலாம். இரண்டு டிஸ்க்கில் படம் ஏறியதைப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்.

ஃப்ரீஃபைல்சிங்க்கில் மிரர் முறையைக் கவனமாகக் கையாள வேண்டும். மூலத்தில் இல்லாததை அது நகலிலும் அழித்துவிடும். தவறுதலாக ஒரு கல்யாண ஃபோல்டரை நீக்கிவிட்டு இரவு மிரர் ஓடினால், காலையில் இரண்டு இடத்திலும் இருக்காது. இதற்குத் தீர்வு வெர்ஷனிங். அழியும் கோப்பும் மேலெழுதப்படும் கோப்பும் வேறு ஃபோல்டருக்கு நகரும்படி வைத்துவிட்டால், தேவைப்படும்போது தேடி எடுக்கலாம். இன்னொரு உபயோகமான வசதி: டிரைவ் எழுத்துக்குப் பதில் டிஸ்க்கின் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுக்கலாம். டிஸ்க்கை எந்தப் போர்ட்டில் செருகினாலும் சரியானதையே கண்டுபிடிக்கும்.

வழக்கமான ஓட்டம் தேதியையும் அளவையும் மட்டும் ஒப்பிடுகிறது. டிஸ்க் பழுதால் ஒரு ரா கோப்புக்குள் சில பைட்டுகள் கெட்டுப்போனால் தேதியும் மாறாது, அளவும் மாறாது, அதனால் தெரியவே வராது. உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையை அவ்வப்போது ஓட்டினால்தான் பிடிபடும். வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி-யைப் படிக்க ஏழரை மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஆனால் ஒப்பீடு மட்டும்தான். வித்தியாசம் காட்டியதும் சிங்க் பொத்தானை அழுத்தினால், கெட்டுப்போன மூலம் நல்ல நகலின் மேல் எழுதப்பட்டுவிடும். தேதி ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மாறிய ரா கோப்பு எப்போதும் அபாய அறிகுறிதான். இரண்டையும் திறந்து பார்த்து, நல்லதைக் கையால் எடுத்து வைக்க வேண்டும். முதல் நாளே ஹேஷ் பட்டியல் (ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் அடையாளக் குறியீடுகள்) எடுத்து வைத்திருந்தால் எது நல்லது என்ற சந்தேகமே வராது. டிஎன்ஜி கோப்புகளைச் சோதிக்க லைட்ரூமின் லைப்ரரி மெனுவிலேயே வசதி இருக்கிறது.

கிளவுட் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. லைட்ரூம் கிளாசிக்கில் ஒரு கலெக்ஷனை சிங்க் செய்தால் ஒரிஜினல் மேலே போகாது, ஸ்மார்ட் பிரிவியூ என்ற சுருக்கிய நகல்தான் போகும். அதன் நீண்ட பக்கம் 2,560 பிக்சல்தான். ஆல்பம் பிரிண்டுக்கு அதை நம்ப முடியாது. ஒரிஜினலை கிளவுடில் ஏற்றுவதானால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: 100 எம்பிபிஎஸ் அப்லோடு முழுதாகக் கிடைத்தாலும் 1 டிபி ஏற 22 மணி நேரம். எல்லா ரா-வையும் ஏற்றுவதைவிட, வாடிக்கையாளருக்குக் கொடுத்த இறுதி ஜேபெக்குகளையும் கேட்டலாக் ஜிப்புகளையும் மட்டும் ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

ஊரும் டிஸ்க்கும்

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023-இல் மிச்சாங் புயலையும் பார்த்த ஊரில், அதில் மூன்றாவது பகுதி கட்டாயம். முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ தரைத்தளத்தில் ஸ்டூடியோ இருந்தால், மேசையில் இரண்டு டிஸ்க் இருப்பதும் ஒன்று இருப்பதும் ஒன்றுதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கை திருச்சியிலோ மதுரையிலோ வைத்துவிட்டு அங்கிருக்கும் பழையதை எடுத்து வருவது செலவில்லாத வழி. அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் என்பதால் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துதான் அனுப்ப வேண்டும். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.

வெளி டிஸ்க்கை நகல் ஓடும் நேரம் தவிர மற்ற நேரம் கழற்றி வைப்பது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரிலிருந்தும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்தும் காப்பாற்றும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் எழுதும்போது கரன்ட் போனால் முழு ஃபோல்டரும் படிக்க முடியாமல் போகலாம். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு என்டிஎஃப்எஸ் பாதுகாப்பானது. யூபிஎஸ் கட்டாயம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரங்களில் கனெக்டர்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் லென்ஸுக்கு மட்டுமல்ல, டிஸ்க்குக்கும் வேண்டும். நீண்ட நாள் கிடப்பில் போடும் நகலுக்கு எஸ்எஸ்டி வேண்டாம். ஜேடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் வரையறைப்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் தரவைக் காக்க வேண்டியது 30 டிகிரியில் ஓராண்டுதான். நம் கோடை அதைவிடச் சூடு.

டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 என்ற வரிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் புதிது வாங்கும்போது சீரியல் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டு வாரன்டி தேதியைக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மீட்டுப் பார்த்தல்

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், இதற்கு ஏற்றவை. வேறொரு கணினியில் கடைசி ஜிப்பைப் பிரித்து கேட்டலாக்கைத் திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் கேள்விக்குறியோடு நிற்கும். பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. மேல்நிலை ஃபோல்டரை வரவழைத்து, அதில் ரைட் கிளிக் செய்து, காணாமல் போன ஃபோல்டரைத் தேடும் விருப்பத்தில் வெளி டிஸ்க்கைக் காட்டினால் கீழுள்ள அனைத்தும் இணைந்துவிடும். எல்லாப் படங்களும் ஒரே ஃபோல்டருக்குள், வருடம், தேதி, பெயர் என்று அடுக்கி இருந்தால்தான் இது ஒரே கிளிக்கில் முடியும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகப் படங்களின் டிஸ்க்குக்கு நிலையான ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால், அன்றாடம் இந்தக் கேள்விக்குறித் தொல்லையே வராது. இணைந்ததும் வருடத்துக்கு ஒரு கல்யாணமாவது எடுத்து, 1:1 அளவில் சில படங்களைத் திறந்து, முழு அளவு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து பார்க்க வேண்டும். பிரிவியூ சரியாகத் தெரிவதால் ஒரிஜினல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எக்ஸ்போர்ட்தான் ரா கோப்பைக் கடைசி வரை படிக்கிறது.