நேஷனல் 5ன்னா அஞ்சாங்கிளாஸ் இல்லண்ணே: ராம்நாடு கன்சல்டன்சி ஒன்னுக்குப் போன கதை

அஞ்சுக்கு மூணு ஸ்டார். அந்த மூணும் உள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்துருக்க புள்ளைக்கு, முன்னாடி ஏசி ரூம்ல இருக்க ஓனருக்கு ஒன்னும் கெடையாது. கடை பேரு போட வேணாம்னு வீட்டுல சொல்லிட்டாங்க, ராம்நாடு பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம், கண்ணாடில லண்டன் மணிக்கூண்டு ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், அவ்வளவுதான் சொல்வேன்.

எங்க அக்கா குடும்பம் ஸ்காட்லாந்துல டண்டீல இருக்காங்க. மச்சானோட அம்மாவுக்கு முடியலன்னு குடும்பத்தோட பாம்பனுக்கே திரும்புறாங்க, மருமகன் இங்கயே இஞ்சினியரிங் சேரட்டும்னு முடிவு. (அங்கயே இருந்தா காலேஜ் ட்யூஷன் ஃபீஸ கவர்மெண்டே கட்டிருக்கும், அத விட்டுட்டு வர்றானேன்னு எங்க ஆத்தாளுக்கு ஒரே பொலம்பல், அது தனிக்கதை.) வெளிநாட்டு ஸ்கூல் சர்டிபிகேட்ட இங்க ஏத்துக்கணும்னா டெல்லில ஏ.ஐ.யு.ன்னு ஒன்னு, அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம் இருக்கு, அவங்ககிட்ட இதுக்கு இது சமம்னு லெட்டர் வாங்கணும், அந்த வேலைய என் தலைல கட்டிட்டாங்க. நான் ஐஸ் கம்பெனில கணக்கு எழுதுறவன், எனக்கு என்ன தெரியும், அதான் கன்சல்டன்சிக்குப் போனேன். ஃபைல் சார்ஜ் 4,000, மொதல்லயே கட்டணும், ஜிபேதான்.

ஓனர் சர்டிபிகேட்ட வாங்கிப் பாத்தாரு. நேஷனல் 5 மேத்ஸ் ஏ, நேஷனல் 5 ஃபிசிக்ஸ் ஏன்னு வரிசையா இருக்கு. "இது அஞ்சாங்கிளாஸ் மார்க்குல்ல, இத ஏன் கொண்டாந்தீக"ன்னாரு. நானும் ஆமா போலன்னு நெனச்சுட்டேன், வெக்கமாப் போச்சு. அடுத்த பக்கம் ஹையர் மேத்ஸ் ஏ, ஹையர் ஃபிசிக்ஸ் ஏ, ஹையர் கெமிஸ்ட்ரி பி, இங்கிலீஷ் பி, கம்ப்யூட்டிங் சயின்ஸ் சி. "மேல போகப் போக மார்க் எறங்கிருச்சே, பையன் வெளையாட்டா?"ன்னு ஒரு கேள்வி. அப்பறம் மொபைல்ல ஏதோ தேடிட்டு "எஸ்6 வரைக்கும் ஸ்கூல் இருக்கு, இவன் எஸ்5லயே நின்னுட்டான், டிராப் அவுட்டுன்னுதான் எடுத்துக்குவாங்க"ன்னு குண்டத் தூக்கிப் போட்டாரு. சுவத்துல லேமினேட் பண்ணி ஒரு சார்ட் வேற, அதுல ஸ்டாண்டர்ட் கிரேடு, கிரெடிட், ஜெனரல்னு போட்ருக்கு. அது ஸ்காட்லாந்தோட பழைய பரீட்சை, அத 2013லயே கடைசியா வச்சு முடிச்சுட்டாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது. சார்ட்டு மட்டும் இன்னும் தொங்குது.

அக்காவுக்குப் போன் போட்டுச் சண்டை போட்டுட்டு வெளில வந்து நிக்கிறேன், உள்ள இருந்து அந்தப் புள்ள வந்து "அண்ணே ஒரு நிமிசம் வாங்க"ன்னு கூட்டிட்டுப் போயி காலண்டர் தாள கிழிச்சு பின்பக்கத்துல எழுதிக் காட்டுச்சு. நான் குடுத்த காசு அதுக்குத்தான் செரிச்சுச்சு.

மொதல்ல வருசத்த எண்ணுச்சு. அங்க பிரைமரி ஒன்னுல இருந்து ஏழு வரைக்கும் 7 வருசம், அதுக்கு மேல எஸ்1ல இருந்து எஸ்6 வரைக்கும் 6, ஆக 13. இவன் எஸ்5 முடிச்சுட்டான், அப்ப 12 வருசம் ஆச்சுல்ல, டிராப் அவுட்டு எங்க வந்துச்சு? அங்க நெறய புள்ளைக எஸ்5ல ஹையர் எழுதி அந்த மார்க்க வச்சே யுனிவர்சிட்டி போகலாமாம், அதனாலதான் ஸ்காட்லாந்துல ஆனர்ஸ் டிகிரி 4 வருசம், இங்கிலாந்துல 3. எஸ்6 இருக்கறவன் இன்னும் ரெண்டு ஹையர் சேப்பான், இல்ல அட்வான்ஸ்டு ஹையர் எழுதுவான்.

அப்பறம் இந்த எண்ணு விசயம். நேஷனல் 5ல இருக்க 5 கிளாஸே இல்ல, லெவல். எஸ்.சி.க்யூ.எஃப்ன்னு அவங்களுக்கு ஒரே ஏணி, 12 படி. நேஷனல் 1ல இருந்து 5 வரைக்கும் அந்தந்த எண்ணுள்ள படி, ஹையர் 6வது, அட்வான்ஸ்டு ஹையர் 7வது, ஆனர்ஸ் டிகிரி 10, மாஸ்டர்ஸ் 11, பிஹெச்டி 12. கிளாஸ்னு பாத்தா நேஷனல் 5 பொதுவா எஸ்4ல எழுதுறது, பதினஞ்சு பதினாறு வயசு, நம்ம பத்தாவது வயசுதான். இங்கிலாந்துல அதே வயசுல எழுதுற ஜிசிஎஸ்இ பரீட்சைக்கு சுமாரா சோடி. நேஷனல் 4க்கு வெளிப்பரீட்சையே கெடையாது, ஸ்கூல்லயே பாத்து பாஸ் போட்டுருவாங்க, ஏ பி சி எல்லாம் வராது.

எனக்கு மண்டைல ஏறுனது எங்கன்னா, லெவல் வேற கிரேடு வேறன்னு சொன்னப்பதான். நமக்கு இறால் தெரியும்ல. 30 கவுண்டுன்னா கிலோவுக்கு முப்பது நிக்கும், 60ன்னா பொடிசு. அது சைஸ். சரக்கு ஃபிரெஷா நொந்ததான்றது வேற கணக்கு, அறுபதுலயும் ஃபிரெஷ் இருக்கு முப்பதுலயும் நொந்தது இருக்கு. லெவல் சைஸ் மாதிரி, ஏ பி சி டி தரம் மாதிரி. (இறால்ல எண்ணு ஏற ஏற பொடிசு, இதுல எண்ணு ஏற ஏற பெருசு, அத மட்டும் திருப்பிக்கணும்.) அப்ப நேஷனல் 5ல ஏ வாங்குனவன் ஹையர்ல பி வாங்குனா எறங்கிட்டான்னு அர்த்தமில்ல, ஒரு படி ஏறி நின்னுட்டு பி வாங்கிருக்கான். ஓனருக்கு இது தெரியல பாருங்க, போர்டுல யூகே ஸ்பெஷலிஸ்ட்டாம்.

இன்னொன்னு, அங்க லெவல்ங்கறது ஆளுக்கு இல்ல சப்ஜெக்ட்டுக்கு. ஒரே வருசத்துல ஒருத்தன் மேத்ஸ் ஹையரும் புதுசா எடுத்த இன்னொரு பாடம் நேஷனல் 5லயும் எழுதலாம். நம்ம ஊரு மாதிரி பிளஸ் டூன்னா எல்லா பாடமும் பிளஸ் டூன்னு இல்ல. அதனால மொத்த சதவீதம் எம்புட்டுன்னு ஃபார்ம்ல கட்டம் வச்சுட்டு ஓனர் முழிச்சாரே, அந்தக் கட்டத்துக்கே வேலை கெடையாது. கிரேடு மட்டும்தான், சுமாரா 70க்கு மேல ஏ, 60க்கு மேல பி, 50க்கு மேல சி, 40க்கு மேல டி, அதுவும் வருசா வருசம் பரீட்சையப் பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன நகரும்.

யூகாஸ் பாயிண்டும் போட்டுக் காட்டுச்சு, அது பிரிட்டன் யுனிவர்சிட்டி அட்மிசனுக்கு, இங்க ஆகாது, ஆனா எது பெருசுன்னு புரியும். ஹையர் ஏக்கு 33, பிக்கு 27, சிக்கு 21. அட்வான்ஸ்டு ஹையர்ல ஏன்னா 56, டி வாங்குனாக்கூட 32. நேஷனல் 5க்கு பாயிண்டே இல்ல. நம்மாளுக்கு கூட்டிப் பாத்தா 141.

மேத்ஸ்லயும் ஒரு பொறி இருக்கு. அங்க மேத்ஸ்னு ஒன்னு, அப்ளிகேஷன்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்னு ஒன்னு, ரெண்டும் தனித்தனி. கடை ஃபார்ம்ல சும்மா மேத்ஸ்னுதான் கட்டம் இருக்கு. நம்மாளு எழுதுனது ஹையர் மேத்ஸ், தப்பிச்சோம்.

இவ்வளவு வெவரமா சொன்ன கடைக்கு ஏன் மூணு ஸ்டார்னா, கெளம்பறப்ப ஓனர் மறுபடி கூப்ட்டு, சென்னைல குடுத்து அப்போஸ்டில் முத்திரை (பேப்பர் ஒரிஜினல்தான்னு வெளிநாட்டுல காட்ட கவர்மெண்டு போடுற முத்திரை) வாங்கித் தர்றேன் 6,500 ஆகும்னாரு. அந்தப் புள்ள பின்னாடி நின்னு வேணாம்னு தலைய ஆட்டுது. விசாரிச்சா, ஸ்காட்லாந்துல குடுத்த பேப்பருக்கு அப்போஸ்டில் பிரிட்டன் வெளியுறவுத் துறைதான் போடணும், சென்னைல எவன் போடுவான்? அக்கா அங்க இருந்தே அனுப்பி முத்திரை வாங்கிருச்சு. இந்த மாதிரி ஆளுகள நம்பி எத்தன பேரு காசக் கட்டுனாங்களோ.

ஆன்லைன்ல ஏ.ஐ.யு. அப்ளிகேசன ஏத்துனது அந்தப் புள்ளதான், ஸ்கேன் சுத்தமா இருந்துச்சு, தப்பு ஒன்னும் இல்ல. டெல்லி பதில் இன்னும் வரல, வந்தா இதுலயே போடுறேன்.

அங்க இருந்து புள்ளைகள கூட்டிட்டு வர்ற ஐடியால இருக்கவங்க ஒன்னு கவனிச்சுக்கங்க. பரீட்சை ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு ஜூன் மொத வாரத்துக்குள்ள முடியும், கிட்டத்தட்ட நம்ம மீன்பிடி தடைக்காலம்தான், படகு கரைல கெடக்க நாளுக்குள்ள எழுதி முடிச்சுருவாங்க, ஆனா ரிசல்ட்டு ஆகஸ்ட் மொத வாரந்தான். அதுக்குள்ள இங்க இஞ்சினியரிங் அப்ளிகேசன் தேதி முடிஞ்சுரும். எங்களுக்கு போன வருச ரிசல்ட்டு, அதனால பாதிக்கல. சர்டிபிகேட்ல பரீட்சை போர்டு பேரு எஸ்.க்யூ.ஏ.ன்னு இருக்கா, குவாலிஃபிகேஷன்ஸ் ஸ்காட்லாந்துன்னு இருக்கான்னு பாத்துப் பயப்படாதீங்க, 2025ல சட்டம் போட்டு அந்த போர்டையே மாத்திட்டாங்க, பழசும் செல்லும்.

கடைக்குப் போறதா இருந்தா சனிக்கெழமை காலைல போங்க, அன்னைக்கு ஓனர் மதுரை பிராஞ்சுக்குப் போயிருவாரு, அந்தப் புள்ள மட்டும் இருக்கும். ஒன்னுல இருந்து ரெண்டரை வரைக்கும் ஷட்டர் எறக்கிருவாங்க. பைக்க எதுத்தாப்ல போடாதீங்க, டிராஃபிக் போலீஸ் நிக்கிறாரு, எனக்கு ஃபைன் போட்டாச்சு.