நாற்காலி மெத்தை உறைக்கு எந்தத் திறப்பு ஏற்றது: ஜிப், மடிப்பு, வெல்க்ரோ, நாடா

நாற்காலி மெத்தைக்கு வீட்டிலேயே உறை தைக்க முனைபவர்கள், துணியின் நிறத்தையும் பூவேலையையும் தேர்ந்தெடுக்க நெடுநேரம் செலவிடுகிறார்கள். உறையை எந்த வழியாகத் திறந்து மூடுவது என்பதையோ கடைசியில்தான் யோசிக்கிறார்கள். துவைப்பதற்குக் கழற்றுவது எளிதா, பல மாதம் உட்கார்ந்த பிறகும் உறை சுருக்கமின்றி இருக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தத் திறப்புதான். துணியை எந்த அளவில் வெட்டுவது என்பதும் அதைப் பொறுத்தே மாறுவதால், கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும்.

முதன்முறை தைப்பவர்களுக்குப் பலரும் பரிந்துரைப்பது மடிப்புத் திறப்பு, அதாவது பின்பக்கத்தில் இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று படியவிட்டுத் தைக்கும் முறை. 45 செ.மீ. சதுர மெத்தையை எடுத்துக்கொண்டால், தையலுக்கு எல்லாப் பக்கமும் 1.5 செ.மீ. விட்டு, முன்துண்டை 48 செ.மீ. சதுரமாக வெட்டலாம். பின்துண்டுகள் இரண்டும் 12 செ.மீ. அகலத்திற்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமானால், ஓரம் மடித்துத் தைக்க 3 செ.மீ. சேர்த்து, ஒவ்வொன்றும் 33 செ.மீ. அகலமும் 48 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். ஜிப்போ பட்டனோ தேவையில்லை. நேர்த்தையல் மட்டும் தெரிந்தால் போதும். பஞ்சு அடைத்த மெல்லிய மெத்தைக்கும், சாய்ந்துகொள்ளும் முதுகு மெத்தைக்கும் இது நன்றாகவே பொருந்தும். ஆனால் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் கனமுள்ள ஃபோம் மெத்தைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உட்காருபவர் நகரும் ஒவ்வொரு முறையும் ஃபோம் பக்கவாட்டில் துணியைத் தள்ளுவதால், படிந்திருக்கும் விளிம்புகள் மெல்ல விலகி, நடுவில் வாய் திறந்துகொள்ளும்.

கனமான ஃபோமுக்கு ஜிப்தான் சரியான விடை. ஜிப் வைப்பது கடினம் என்ற அச்சம் தேவையற்றது. உண்மையில், அளவு பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். மெத்தையின் கனத்தை மூடும் பக்கப் பட்டையில், பின்பக்கம் வரும் பகுதியை ஒரே துண்டாக வெட்டாமல், நீளவாக்கில் இரண்டு துண்டுகளாக வெட்ட வேண்டும். 5 செ.மீ. கனத்திற்கு, ஒவ்வொரு துண்டும் 5.5 செ.மீ. அகலம் இருந்தால், இரு பக்கத் தையலும் போக 2.5 செ.மீ. மிஞ்சும். இரண்டையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, இயந்திரத்தின் மிக நீளமான தையலில் தற்காலிகமாக இணைத்து, விளிம்புகளை விரித்து இஸ்திரி போட்டு, அந்தக் கோட்டின் மேல் ஜிப்பை முகம் கீழாக வைத்து இருபுறமும் தைத்த பிறகு, தற்காலிகத் தையலைப் பிரித்துவிடலாம். ஜிப் பற்களுக்கு அருகில் ஊசி இறங்க, ஒற்றைப் பக்கம் கொண்ட ஜிப் காலை, அதாவது ஜிப் தைப்பதற்கென்றே உள்ள, துணியை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை, இயந்திரத்தில் பொருத்திக்கொள்வது அவசியம். ஜிப் பின்பக்க நீளத்தோடு நின்றுவிடாமல் இரண்டு மூலைகளையும் சுற்றிப் பக்கவாட்டில் 7 அல்லது 8 செ.மீ. சென்றால்தான், ஃபோமை மடக்கிக் கசக்காமல் உள்ளே செலுத்த முடியும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் 5-ஆம் எண் நைலான் ஜிப்பை வாங்கி, ரன்னரை, அதாவது ஜிப்பை இழுத்து மூடும் பிடியைக் கோத்து, இரு முனைகளையும் துணித்துண்டால் அடைத்துத் தைப்பது, குறிப்பிட்ட நீளத்தில் ஜிப் தேடி அலைவதைவிட நல்லது. ஃபோமை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி நுழைத்தால் துணியில் உரசாமல் வழுக்கிச் செல்லும். அதன் பிறகு தாளை உருவிவிடலாம்.

வெல்க்ரோ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தம் நாயின் முடியில் ஒட்டிக்கொண்ட முட்காய்களைக் கண்டு இதை உருவாக்கினார் என்பது பலரும் அறிந்ததே. முடியைப் பிடிக்கும் அதே கொக்கிகள்தான் துவைக்கும்போது நூலையும் பிசிறையும் பிடித்துக்கொண்டு நாளடைவில் பிடிப்பை இழக்கின்றன. ஆகவே துவைப்பதற்கு முன் வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட வேண்டும். இறுக்கமான உறையின் இழுவிசையைத் தாங்கும் வலுவும் அதற்குக் குறைவு. எப்போதாவது மட்டும் கழற்றும் உறைக்கே அது போதுமானது.

எலாஸ்டிக் வைத்த உறை தைக்க வேகமானது என்றாலும், கூர்மையான மூலைகளில் துணி திரண்டு நிற்கும். வட்ட மெத்தைக்கு மட்டுமே அழகாக அமையும்.

நாடாவின் வேலையே வேறு: அது உறையை மூடுவதற்கன்று, மெத்தையை நாற்காலியோடு கட்டிவைப்பதற்கு. வழுவழுப்பான மர இருக்கையில் மெத்தை நழுவுவதாக இருந்தால், மேலே சொன்ன எந்தத் திறப்போடும் நாடாவைச் சேர்த்துக்கொள்ளலாம். பின்மூலை ஒவ்வொன்றிலும் சுமார் 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு நாடாக்களைத் தையலுக்குள் செருகித் தைக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை இயந்திரத்தை ஓட்ட வேண்டும்; இழுபடும் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் விழுகிறது.