கேதரா, ஹீட்மூனா? பிரேரிக்குள் எந்தப் புத்தகம் வழியாக நுழைவது

பிரேரி எனப்படும் அமெரிக்கப் புல்வெளி வாழ்க்கையைப் படிக்க ஆசைப்படும் நண்பர்கள் பலர் இந்த இரண்டில் எது என்று கேட்கிறார்கள்: வில்லா கேதரின் 'மை அன்டோனியா' (1918), வில்லியம் லீஸ்ட் ஹீட்மூனின் 'பிரேரி எர்த்' (1991).

களம்: கேதருடையது நாவல், பொஹீமியாவிலிருந்து நெப்ராஸ்காவில் குடியேறிய குடும்பம். ஹீட்மூன் எழுதியது கட்டுரை நூல். கான்சாஸ் மாநிலத்தின் சேஸ் என்ற ஒரே ஒரு கவுண்டி (மாவட்டம் போன்றது).

மண்ணோடு உறவு: கேதரின் நாவலில் அந்தக் குடும்பத்துப் பெண் அன்டோனியாவின் அப்பா கடுங்குளிரில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். நிலத்தின் மூலையில் புதைக்கிறார்கள். பிற்பாடு வந்த சாலைகள் அந்தச் சமாதியை மிதிக்காமல் சற்றே வளைந்து போகின்றன; வெட்டப்படாத சிவப்புப் புல் அங்கே தீவு மாதிரி நிற்கிறது. குடியேறியவர்களின் துயரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பக்கம் எனக்குத் தெரியாது. ஹீட்மூனிடம் புல்வெளி தப்பியதற்கான காரணங்கள் கிடைக்கும்: சேஸ் கவுண்டி இருக்கும் ஃபிளிண்ட் குன்றுகளில் மண் மெலிது, அடியில் கல். கலப்பை இறங்கவில்லை, உயரப்புல் பிழைத்தது.

பூர்வகுடிகள்: கேதரிடம் ஏறக்குறைய மௌனம், அது உறுத்துகிறது. ஹீட்மூன் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான கான்சா மக்களின் இழப்பை எழுதுகிறார்.

படிக்க: முன்னது ஒரு வாரம். பின்னது 600 பக்கங்களுக்கு மேல்; துண்டுதுண்டாகப் படிக்கலாம்.

செலவு: கேதர் இணையத்தில் சட்டப்படி இலவசம். மற்றது காசுக்குத்தான்.

மனிதர்களோடு வாழ்ந்து பார்க்க வேண்டுமா, கேதர். உங்கள் ஊர் வரலாற்றை எழுதும் எண்ணம் இருந்தால் ஹீட்மூனை வாங்குங்கள். வரைபடம், பழைய ஆவணம், உணவகப் பேச்சு என்று ஓர் ஊரை எப்படித் துருவுவது என அவரிடம் கற்கலாம்.