ரஸ்ட்டின் அசர்ட்: ஒரு பயனர் விமர்சனம்

ஏழு வருஷம் பைத்தானில் புரோகிராம் எழுதிவிட்டு ரஸ்ட் மொழிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் மெமரியை யார் எப்போது தொடலாம் என்று கண்காணிக்கும் பாரோ செக்கரைப் பற்றியே புலம்புகிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அசர்ட் மேக்ரோவைப் பற்றி: 'இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று எழுதிவைத்தால், இல்லாதபோது புரோகிராமை நிறுத்தும் சோதனை.

பழைய வேலையில் ஒரு அரிசி மண்டிக்கு பில்லிங் எழுதினேன். மூட்டை எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு அசர்ட். என் லேப்டாப்பில் மைனஸ் கொடுத்தால் உடனே கத்தும். சர்வரில் யாரோ பைத்தானின் ஆப்டிமைஸ் வேரியபிளை 1 என்று வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் அசர்ட் வரிகளை பைத்தான் மொத்தமாகத் தூக்கிவிடும். மைனஸ் 12 மூட்டைக்கு பில் அடித்தது. மண்டிக்காரர் போன் போட்டு, "ஏன் தம்பி, வாங்க வந்தவருக்கு நான் காசு கொடுக்கணுமா?" என்றார்.

தப்பு என்னுடையதுதான். ஆள் தட்டும் எண்ணை இஃப் போட்டுச் சோதித்திருக்க வேண்டும். ஆனாலும் பெயரைப் பாருங்கள்: அசர்ட் என்றால் அடித்துச் சொல்வது. அடித்துச் சொன்னவன் கடை திறந்ததும் காணாமல் போகலாமா? சி மொழியில் கம்பைல் செய்யும்போது என்டீபக் என்ற மேக்ரோவை வைத்தால் இதே கதி. ஜாவா 1.4-இல் வந்த அசர்ட்டோ, நாமாக எழுப்பாவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும்.

ரஸ்ட்டில் அசர்ட், எழுதும்போது ஓட்டிப் பார்க்கும் டீபக் பில்டில் மட்டுமல்ல, வாடிக்கையாளருக்குப் போகும் ரிலீஸ் பில்டிலும் ஓடும். ரிலீஸில் வேண்டாம் என்றால் டீபக்_அசர்ட் என்று நீளமாகத் தட்ட வேண்டும். கைக்கு முதலில் வரும் சின்னப் பெயர் ஓடிப்போகாதது. ஓடிப்போவது தன் குணத்தைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. இந்த ஒன்றுக்கே மூன்று நட்சத்திரம் கொடுப்பேன்.

இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும் அசர்ட்_ஈக்யூ தோற்றால் லெஃப்ட், ரைட் என்று இரண்டு மதிப்பையும் காட்டும். நல்லதுதான். ஆனால் எது எதிர்பார்த்தது, எது வந்தது என்று சொல்லாது. எங்கள் டீமில் பாதிப் பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் மறுபக்கம் எழுதுகிறார்கள். டெஸ்ட் உடைந்தால் முதலில் அந்தப் பஞ்சாயத்து.

கோட்லின் மொழி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஃபங்ஷனுக்குக் கொடுத்த மதிப்பு, அதாவது ஆர்க்யுமென்ட், தப்பு என்றால் ரிக்வயர், உள்ளே நிலைமை தப்பு என்றால் செக். எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பைப் பார்த்ததுமே கூப்பிட்டவன் பிழையா, நம் பிழையா என்று தெரிந்துவிடும். ரஸ்ட்டில் இரண்டுக்கும் அதே அசர்ட், பிழை சொல்லி நிற்கும் அதே பேனிக்.

பெரிய குறை, ரஸ்ட் 1.81-இல் நிலையானதாக வந்த அசர்ட்_அன்செக்ட். பெயரில் அசர்ட் இருக்கிறது, ஆனால் ரிலீஸில் எதையும் சோதித்துப் பார்க்காது. 'இது உண்மைதான், நம்பி வேகப்படுத்திக்கொள்' என்று கம்பைலரிடம் சத்தியம் செய்கிறோம். சத்தியம் பொய்த்தால் புரோகிராம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். 'இங்கே பாதுகாப்பு என் பொறுப்பு' என்று எழுதிக்கொடுக்கும் அன்சேஃப் என்ற வேலி இருப்பது உண்மை. அதற்காக சத்தியத்துக்கும் சோதனைக்கும் ஒரே குடும்பப் பெயரா? சி++23 இதே வேலைக்கு அஸ்யூம் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது.

இன்னொன்று: முழு எண் கணக்கு தன் வரம்பை மீறினால் டீபக்கில் பேனிக் ஆகும் ரஸ்ட், ரிலீஸில் சத்தமில்லாமல் வரம்பின் மறுமுனைக்குச் சுற்றிவிடும். அசர்ட்டுக்குக் காட்டிய அக்கறை இங்கே இல்லை. பில்ட் அமைப்புகள் இருக்கும் எங்கள் கார்கோ ஃபைலில் அந்தச் சோதனையை ரிலீஸுக்கும் போட்டுவிட்டேன். வேகம் குறைந்ததாக இதுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை.